கொழும்பு நூதனசாலையில் எதன் முன் நிற்பது? மாணவர்களுடன் செல்லவிருக்கும் ஓர் ஆசிரியையின் கேள்வி

படுவான்கரை ஆசிரியை:

எல்லோருக்கும் வணக்கம். நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையிலுள்ள ஒரு பாடசாலையில் உயர்தர வகுப்புக்குச் சித்திரம் கற்பிக்கிறேன். வரும் தவணையில் 18 மாணவர்களை இரவு ரயிலில் கொழும்புக்கு அழைத்துச் சென்று தேசிய நூதனசாலையைக் காட்டுவதற்கு அதிபர் அனுமதி தந்திருக்கிறார். அந்தப் 18 பேரில் இருவரைத் தவிர வேறு எவரும் இதுவரை ஒரு நூதனசாலையின் வாசற்படியை மிதித்ததில்லை. பாடநூலில் உள்ளங்கை அகலத்துக்கு மங்கலாக அச்சாகியிருக்கும் படங்களைப் பார்த்துத்தான் தொலுவில புத்தர் சிலையையும் பொலன்னறுவை வெண்கலங்களையும் பற்றி அவர்கள் பக்கம் பக்கமாக எழுதிப் புள்ளி வாங்குகிறார்கள்.

முன்னர் வேறொரு பாடசாலையில் இருந்தபோது இப்படியொரு கல்விச் சுற்றுலாவுக்கு நானும் பொறுப்பாசிரியர்களில் ஒருத்தியாகச் சென்றேன். தெகிவளை மிருகக்காட்சிச்சாலை, துறைமுகம், காலிமுகத்திடல் என்று எல்லாவற்றையும் ஒரே நாளுக்குள் அடக்கியிருந்ததால் நூதனசாலைக்கு 40 நிமிடங்களே எஞ்சின. பிள்ளைகளை இரட்டை வரிசையில் நிறுத்தி, ஒரு வாசலால் உள்ளே விட்டு மறுவாசலால் வெளியே எடுத்தோம். திரும்பி வந்தபின் எழுதச் சொன்ன கட்டுரையில், வகுப்பிலேயே நன்றாக வரையக்கூடிய ஒரு பிள்ளை, "அங்கே பழைய பொருட்கள் பல இருந்தன" என்ற ஒரே வசனத்தோடு நூதனசாலையை முடித்துவிட்டு, மிருகக்காட்சிச்சாலைக்கு ஒன்றரைப் பக்கம் ஒதுக்கியிருந்தாள். பிழை அவளுடையது அல்ல. நாங்கள் அவளை எதன் முன்னும் நிற்க விடவில்லை. அந்த ஒரு வசனம் இன்றுவரை என் மனதை உறுத்துகிறது.

ஆகவே இம்முறை முற்கூட்டியே ஆயத்தமாக வேண்டும் என்று, சென்ற விடுமுறையில் தனியாகப் போய் ஒரு முழுப் பகலை அங்கே கழித்தேன். பெரிய ஆலமரங்களையும் புல்வெளியையும் கடந்து, அந்த வெள்ளை நிற இருமாடிக் கட்டடத்தை அணுகும்போதே கால்கள் தாமாக வேகம் குறைந்தன. வாசல் மண்டபத்துள் நுழைந்ததும் நேர் எதிரே தொலுவில புத்தர். கருங்கல்லில் அமைந்த அந்தத் தியானத் திருவுருவின் முன்னே, பேசாதிருக்கும்படி எவரும் சொல்லாமலே, வந்தவர்கள் எல்லோருடைய குரலும் தாழ்ந்துபோனதைக் கவனித்தேன். அது சிலையின் வேலையா, உயரமான கூரையும் நிழலும் சேர்ந்த அந்த மண்டபத்தின் வேலையா என்று என்னால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அதன்பின் தாரா என்ற பௌத்தப் பெண்தெய்வத்தின் சிலையிடம் வந்தேன். அது பிரதிதான், மூலச்சிலை லண்டனிலுள்ள பிரித்தானிய நூதனசாலையில் இருக்கிறது. கி.பி. 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த அச்சிலை, திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில் எங்கோ கண்டெடுக்கப்பட்டது என்பதை நான் வகுப்பில் எத்தனையோ முறை ஒப்புவித்திருக்கிறேன். ஆனால் அதன் எதிரே நின்றபோதுதான் அந்த "இடையில் எங்கோ" என்பது வாகரை, பனிச்சங்கேணி, கதிரவெளி என்று நான் பேருந்தில் போய்வரும் ஊர்களின் வழியே கிடக்கும் கரை என்பது உடம்பில் உறைத்தது. என்னையறியாமல் கைகள் குவிந்தன. பக்கத்தில் நின்ற வெளிநாட்டுப் பெண்மணி குறிப்பேட்டில் அளவாகக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். நான் கும்பிடுகிறேன், அவர் வரைகிறார். இருவரில் யார் சரியாகப் பார்க்கிறோம் என்ற கேள்வியுடனேயே ஊர் திரும்பினேன்.

எங்கள் ஊரில் கண்ணகி அம்மன் கோயிலின் கதவு வைகாசிச் சடங்குக்குத்தான் திறக்கும். சடங்கின் நிறைவான திருக்குளிர்த்தி முடிந்து கதவை அடைத்துவிட்டால் பிறகு அடுத்த ஆண்டுதான். அப்படி ஆண்டு முழுக்கக் காத்திருந்து, கண நேரம் கண்டு, அந்தக் காட்சியை நெஞ்சில் வைத்துக்கொண்டு வளர்ந்த பிள்ளைகளிடம், காலை முதல் மாலை வரை விளக்கொளியில் நிற்கும் ஒரு தெய்வ உருவத்தைக் காட்டி "இதைப் பார்" என்று எப்படிச் சொல்வது? இன்னுமொரு தயக்கமும் உண்டு. தாராவின் மேனி இடைக்கு மேல் ஆடையற்றது. பதினேழு வயதுப் பிள்ளைகளை, ஆணும் பெண்ணுமாக, அதன் முன் நிறுத்தும்போது சிரிப்பும் கூச்சமும் எழும் என்பது எனக்குத் தெரியும். அனுபவமுள்ளவர்கள் வழி சொன்னால் பெரிய உதவியாக இருக்கும். பிற்பகலில் வேறோர் ஓவியக்கூடத்துக்கும் போக நேரம் இருக்கும் என நினைக்கிறேன். அதைப் பற்றியும் சொல்லுங்கள்.


கல்லடி ஓவியன்:

வணக்கம் டீச்சர். நான் கல்லடியிலுள்ள சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்தில் படித்தவன். இப்போது வரைந்தும் கற்பித்தும் வாழ்கிறேன். உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான விடைதான் மற்றவற்றுக்கும் விடை. பிள்ளைகளுக்குக் கூச்சம் வருவது பார்ப்பதால் அல்ல, சும்மா பார்ப்பதால். கையில் பென்சிலைக் கொடுத்து, தாராவின் உடற்பாரம் எந்தக் காலில் நிற்கிறது என்பதை மட்டும் வரையச் சொல்லுங்கள். இடை ஒரு பக்கம் சற்றே சாய்வதால் தோள் எப்படி மாறுகிறது, கீழே தொங்கும் வலது கை ஏன் விறைப்பாக இல்லை, முழங்காலுக்கு அருகில் ஆடை ஏன் உடம்போடு ஒட்டுகிறது என்று தேடத் தொடங்கிய ஐந்தாவது நிமிடத்தில் சிரிப்பு அடங்கிவிடும். இதை நான் கற்பித்த வகுப்புகளில் கண்டிருக்கிறேன்.

என் அனுபவத்தையும் சொல்கிறேன். நாங்கள் மாணவர்களாகக் கொழும்புக்குப் போனபோது, பொலன்னறுவைச் சிவாலயங்களின் அருகில் கிடைத்த வெண்கலங்களில் ஒன்றான காரைக்கால் அம்மையாரின் உருவத்தை வரையும்படி எங்கள் விரிவுரையாளர் பணித்தார். இறைவனிடம் பேயுருக் கேட்டுப் பெற்ற அம்மையாரின் கதை எல்லோருக்கும் தெரிந்ததுதானே. அதனால் நான் சிலையைப் பார்க்காமல் கதையை வரைந்துவிட்டேன். பயங்கரமான ஒரு முகம் தாளில் வந்திருந்தது. அவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "இது நீ கேட்ட அம்மையார். இனி நீ காணும் அம்மையாரை வரை" என்று புதிய தாள் ஒன்றைக் கையில் தந்தார். இரண்டாவது முறை, கையிலுள்ள தாளங்களைக் கண்டேன். மூன்றாவது முறைதான் கழுத்தெலும்பைக் கண்டேன். தோலுக்குக் கீழே அந்த எலும்பு இரண்டு பக்கமும் ஓடும் விதம், வெயிலில் நெல் காயப்போட்டுவிட்டுத் திண்ணையில் குந்தியிருக்கும் என் அம்மம்மாவின் கழுத்தெலும்பேதான். ஆயிரம் ஆண்டுகளை ஒட்டிய காலத்துக்கு முந்திய ஒரு வார்ப்புக் கலைஞன் யாரோ ஒரு கிழவியை நன்றாகப் பார்த்திருக்கிறான். நான் என் வீட்டிலிருந்தவரை அதுவரை பார்த்திருக்கவில்லை. அந்த உருவத்தில் பயங்கரம் எதுவும் இருக்கவில்லை. பாடிக்கொண்டிருக்கும் ஒரு மூதாட்டி, அவ்வளவுதான்.

வெண்கலத்தின் முன் பிள்ளைகளை நிறுத்துமுன், அது எப்படிப் பிறக்கிறது என்பதை வகுப்பிலேயே செய்து காட்டிவிடுங்கள். முதலில் மெழுகில் உருவத்தைச் செய்து, அதன்மேல் மண்ணைப் பூசிக் காயவைத்துச் சூடாக்கினால் மெழுகு உருகி வெளியேறும். அது விட்டுப்போன வெறுமைக்குள் உருகிய உலோகத்தை ஊற்றிவிட்டு, ஆறியபின் மண்ணை உடைத்தால் சிலை. மண்ணச்சு உடைந்துவிடுவதால் ஒன்றுக்கு ஒன்றுதான். அதாவது, நாம் உலோகத்தில் காணும் மென்மை எல்லாம் முதலில் விரல் மெழுகில் செய்த மென்மை. ஒரு மெழுகுவர்த்தித் துண்டையும் வயல்வரம்புக் களிமண்ணையும் கொண்டு ஒரு சிறு இலையை அச்சாக எடுத்துக் காட்டினாலே போதும். கொழும்பில் அவர்கள் கண்கள் வேறு விதமாக வேலை செய்யும். உலோகத்தை மட்டும் வகுப்பில் உருக்க வேண்டாம், சாந்தை ஊற்றுங்கள்.

கும்பிடுவது பற்றி: கும்பிட விரும்பும் பிள்ளை கும்பிடட்டும், பின் வரையட்டும். சிற்பாசாரியார் கண் திறந்த பின் கும்பிடுகிறார், அதற்கு முன் மாதக்கணக்கில் அளக்கிறார். இரண்டும் ஒரே கைகள்தான். ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் செய்யுங்கள். அட்டையில் எழுதியிருப்பதை முதல் பத்து நிமிடம் வாசிக்க விடாதீர்கள். பெயரும் ஆண்டும் தெரிந்தவுடன் பரீட்சைக்குப் படித்தது நினைவுக்கு வந்து கண் மூடிவிடுகிறது. எவை காட்சியில் இருக்கின்றன என்பது காலத்துக்குக் காலம் மாறும், ஆகவே போகும் முன் நூதனசாலைக்குத் தொலைபேசியில் பேசிக்கொள்ளுங்கள். நீங்கள் ஏறும் ரயில் பொலன்னறுவை நிலையத்தில் நிற்கும்போது பிள்ளைகள் விழித்திருந்தால், அம்மையார் கிடைத்த மண் இதுதான் என்று ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்.


ஆரையம்பதியான், லண்டன்:

தங்கச்சி, உங்கள் கேள்வியை வாசித்துவிட்டு இரவு வெகுநேரம் தூங்க முடியவில்லை. நான் இங்கு வந்து இருபது ஆண்டுகளுக்கு மேலாகிறது. முதன்முதலாகப் பிரித்தானிய நூதனசாலைக்குப் போனது கலை ஆர்வத்தால் அல்ல. நுழைவுக் கட்டணம் இல்லை, வெளியே கடுங்குளிர், உள்ளே வெப்பமாக இருந்தது. முன்புறத்தில் கிரேக்கக் கோயில் பாணியில் 44 தூண்கள் நிற்கின்றன. அவற்றைக் கடந்து உள்ளே போனால், 2000ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட பெரிய முற்றம். அதன் கண்ணாடிக் கூரையில் 3,312 கண்ணாடித் துண்டுகள், ஒன்றைப்போல் மற்றொன்று இல்லை என்று சொல்கிறார்கள். அந்தக் கூரையின் கீழ் மேகம் நகரும்போது தரையிலே நிழல் வலைபோல் ஓடும். வாவியில் வீச்சுவலை விரிவதைப் பார்த்து வளர்ந்தவனுக்கு அது எதை நினைவூட்டியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தாரா இருப்பது 33ஆம் இலக்கக் கூடத்தில். உயரம் 143 சென்டிமீட்டர். பாடநூலில் பார்த்த ஞாபகத்தில் ஒரு முழ உயரச் சிலையை எதிர்பார்த்துப் போன நான், பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளையின் உயரத்தில் ஒருத்தி நிற்பதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். உள்ளீடற்ற கூடு அல்ல, முழுவதும் திண்மமாக வார்த்த வெண்கலம். மேலே தங்க முலாம். வலது கை வரமளிக்கும் முத்திரையில் உள்ளங்கை தெரியத் தாழ்ந்திருக்கிறது, இடது கை ஏதோவொரு பூவைப் பிடித்திருந்த பாவனையில் உயர்ந்திருக்கிறது, பூ இல்லை. உயர்ந்த சடைமுடியில் ஏதோ பதித்திருந்து இழந்த ஓர் இடமும் உண்டு.

உங்கள் கண்ணகி அம்மன் உவமையை வாசித்தபோது எனக்குச் சிலிர்த்ததற்குக் காரணம் இருக்கிறது. இந்தச் சிலையைத் தாரா என்று அறிஞர்கள் அடையாளம் காணும் முன்னர், பத்தினித் தெய்வம் என்றே நெடுங்காலம் கருதியிருந்தார்கள். பத்தினி என்றால் நம் கண்ணகிதானே. கருணையின் போதிசத்துவரான அவலோகிதேசுவரரின் துணையாக வணங்கப்பட்ட மகாயான பௌத்தத் தெய்வம் அது என்பதே இன்றைய முடிவு, அதில் எனக்கு வழக்கு இல்லை. ஆயினும் நம் கரையில் கிடைத்த ஒரு பெண்தெய்வத்தை எங்கோ ஒரு நாட்டில் சில தலைமுறைக் காலம் பத்தினி என்று அழைத்திருக்கிறார்கள் என்பதை அறிந்த நாளில், நான் அந்தக் கூடத்திலேயே கால்மணி நேரம் கூடுதலாக நின்றேன்.

1812 முதல் 1820 வரை இலங்கையில் ஆளுநராக இருந்த ரொபேர்ட் பிரவுன்றிக் 1830 இல் இதை இங்கே கொடுத்தார். கொடுத்தவரின் பெயர் இருக்கிறது, கொடுத்த ஆண்டு இருக்கிறது. எடுத்த ஊரின் பெயர் மட்டும் இல்லை. அந்த இடைவெளியைப் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அவர்கள் அறிய வேண்டிய விடயம் அது. நீங்கள் அஞ்சும் கூச்சம் பற்றியும் ஒன்று சொல்கிறேன். இச்சிலை இங்கே வந்த பின்னர், அதன் ஆடையற்ற மேனியைக் கண்டு தயங்கி, ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் பொதுமக்கள் பார்வைக்கு வைக்காமல், கேட்டு வரும் அறிஞர்களுக்கு மட்டுமே காட்டினார்கள். வழிபாட்டுக்காக வார்த்தவர்களுக்கு இல்லாத தயக்கம், பார்த்தவர்களுக்கு இருந்திருக்கிறது. உங்கள் மாணவர்களிடம் இதைச் சொன்னால், சிரிப்பதா வேண்டாமா என்பதை அவர்களே முடிவு செய்வார்கள்.

கொழும்பிலுள்ளது பிரதி என்பதை மறைக்க வேண்டாம். ஆனால் நிற்கும் விதம் அப்படியே இருக்கிறது, வரைவதற்கு அது போதும்.


கல்முனை வாசகர்:

அனைவருக்கும் வணக்கம். அரச திணைக்களம் ஒன்றில் படவரைஞராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். ஆகவே நூதனசாலை என்றால் எனக்கு முதலில் சுவர்தான் கண்ணில் படும். ஆசிரியை அவர்கள் கட்டடத்தையும் கவனித்து எழுதியிருப்பது மகிழ்ச்சி தருகிறது. சிலைக்கு முன் நிற்கக் கற்றுக் கொடுப்பவர்கள் பலர், அந்தச் சிலையை நிற்க வைத்திருக்கும் இடத்தைப் பார்க்கச் சொல்பவர்கள் குறைவு.

கொழும்பு நூதனசாலையை 1877 ஜனவரி 1ஆம் திகதி திறந்து வைத்தவர் ஆளுநர் வில்லியம் கிரெகரி. வரைந்தவர் ஜேம்ஸ் ஸ்மிதர் என்ற அரச கட்டடக் கலைஞர், இத்தாலியப் பாணியில். ஆனால் செங்கல்லும் சுண்ணாம்பும் வைத்து அதை நிமிர்த்தி நிறுத்தியவர் வாப்பிச்சி மரைக்கார் என்ற நம்மவர். கொழும்பின் வேறு பல பெரிய கட்டடங்களும் அவர் கைவேலைதான். திறப்பு விழாவில் "உமக்கு என்ன வேண்டும்" என்று ஆளுநர் கேட்டபோது, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைக்க வேண்டும் என்று அவர் கேட்டுக்கொண்டதாக எங்கள் பெரியவர்கள் ஒரு கதை சொல்வார்கள். கதையின் உண்மைக்கு நான் பொறுப்பில்லை; ஆனால் நெடுங்காலம் அங்கே வெள்ளி விடுமுறையாக இருந்தது. என் வாப்பா என்னை முதன்முதலில் அங்கே கூட்டிப் போனபோது, சிலைகளுக்குப் போகும் முன் வாசல் வளைவின் கீழ் என்னை நிறுத்தி, சுவரில் கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். வெளியே நண்பகல் வெயில், சுவர் குளிர்ந்திருந்தது. சுவரின் தடிப்பு, கூரையின் உயரம், வெயில் நேரே விழாதபடி முன்னே நீளும் தாழ்வாரம் ஆகிய மூன்றும் சேர்ந்து செய்த குளிர்மை அது. ஒரு கட்டடத்தைக் கையால் பார்க்கலாம் என்று அன்றைக்குத்தான் அறிந்தேன்.

பிள்ளைகளுக்கு நான் சொல்வது: உள்ளே போனதும் ஒரு மண்டபத்தைக் காலடியால் அளக்கட்டும். வெளிச்சம் எந்தப் பக்கத்தால் வருகிறது, பகல் ஏற ஏற அது எதன்மேல் நகர்கிறது என்று குறித்துக்கொள்ளட்டும். கதவின் உயரம் தங்கள் உயரத்தில் எத்தனை மடங்கு என்று பார்க்கட்டும். இந்தக் கட்டடம் ஆளுபவர்கள் தங்கள் பெருமையைக் காட்டக் கட்டியது. அந்தப் பெருமையை ஒரு பிள்ளையின் உடம்பு உணரும், ஏன் உணர்ந்தோம் என்று கேட்கும்போதுதான் அது பாடமாகிறது. கூடவே, அங்குள்ள மும்மொழிக் கல்வெட்டை விட்டுவிடாதீர்கள். சீனக் கடற்படைத் தளபதி செங் ஹ கொண்டுவந்து நாட்டிய அக்கல்லில் 1409ஆம் ஆண்டின் வாசகம் இருக்கிறது. 1911 இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனத்தில் புத்தருக்கும், தமிழில் தெவிநுவரைக் கோயில் தெய்வமான தெனாவரை நாயனாருக்கும், பாரசீகத்தில் அல்லாஹ்வுக்கும் காணிக்கை சொல்கிறது. தேய்ந்த கல்லில் ஒரு தமிழ் எழுத்தையாவது பிள்ளை தானாகக் கண்டுபிடித்து வாசித்துவிட்டால், அந்தப் பயணத்தின் செலவு தீர்ந்துவிட்டது.

போவதற்கு முன் ஒரு பயிற்சியும் உண்டு, பேருந்துக் காசு மட்டும் போதும். மட்டக்களப்பு நகரின் புளியந்தீவிலுள்ள கோட்டைக்கு ஒரு சனிக்கிழமை கூட்டிச் செல்லுங்கள். 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638 இல் ஒல்லாந்தர் கைப்பற்றியது; நம்மவர்கள் பலருக்கு அது நெடுங்காலம் கச்சேரி (மாவட்டச் செயலக) அலுவலுக்குப் போகும் இடமாக மட்டுமே இருந்தது. இரண்டு பக்கம் வாவி, மற்றப் பக்கம் அகழி என்று அது நிலத்தில் அமர்ந்திருக்கும் விதத்தை மதிலின் மேல் நின்று வரையச் சொல்லுங்கள். காத்தான்குடியில் 2015 இல் திறந்த பூர்வீக நூதனசாலையும் அருகிலேயே இருக்கிறது. முஸ்லிம்களின் பழைய வாழ்க்கை முறையை ஆளுயர உருவங்களால் காட்டியிருக்கிறார்கள். உங்கள் பிள்ளைகளை அன்போடு வரவேற்பார்கள்.


அக்கரைப்பற்று மாணவி:

வணக்கம் டீச்சர். பிற்பகலுக்கு எங்கே போவது என்பதற்கு மட்டும் பதில் எழுதுகிறேன், ஏனென்றால் கொழும்பில் படிக்கும் எனக்கு இரண்டு இடங்களும் பழக்கம். 2019 டிசம்பரில் தொடங்கிய நவீன, சமகாலக் கலைக்கான நூதனசாலை, நான் போனபோது கொள்ளுப்பிட்டியில் ஒரு வணிக வளாகத்துக்குள் இயங்கியது. அங்கே எனக்குப் பிடித்தது, விளக்கங்கள் எல்லாம் தமிழிலும் இருப்பதும், கேட்டால் பொறுமையாகப் பேசுவதற்கு ஆட்கள் இருப்பதும். எங்கள் ஊரிலிருந்து வந்த என் தந்தையை ஒருமுறை கூட்டிப் போனேன். "இதற்கு என்ன பொருள்" என்று ஒவ்வொன்றிடமும் கேட்டுக்கொண்டே வந்தவர், போரில் விட்டுவந்த வீடுகளைப் பற்றிய ஒரு படைப்பின் முன் எதுவும் கேட்கவில்லை. வெளியே வந்து தேநீர் குடிக்கும்போது, எங்கள் பழைய வீட்டுக் கிணறு எந்தப் பக்கம் இருந்தது என்று மட்டும் சொன்னார்.

மற்றது பார்ன்ஸ் பிளேசிலுள்ள சபுமல் மன்றம். 1943 இல் தொடங்கிய, 43 குழு என்ற நவீன ஓவியர் அணியைச் சேர்ந்த ஹரி பீரிஸ் என்ற ஓவியர் வாழ்ந்த ஓட்டு வீடு அது. ஜோர்ஜ் கீற், ஐவன் பீரிஸ், ஜஸ்டின் தெரணியகல போன்றோரின் ஓவியங்கள் ஒரு வீட்டின் சுவர்களில், ஒருவர் வாழ்ந்த அறைகளில் தொங்குகின்றன. காலையில் மாளிகை போன்ற நூதனசாலையைப் பார்த்த பிள்ளைகள், பிற்பகலில் வீடு போன்ற ஒன்றைப் பார்த்தால், இடம் மாறும்போது பார்வையும் மாறுவதை நீங்கள் விளக்காமலே உணர்வார்கள். ஆகவே நான் சபுமலையே சொல்வேன். 18 பேர் என்பதால் முன்னரே அறிவித்துவிட்டு, இரண்டு குழுக்களாகப் போங்கள்.


படுவான்கரை ஆசிரியை:

எல்லோருக்கும் நன்றி. போய் வந்துவிட்டோம், நடந்ததைச் சொல்லாமல் விடக்கூடாது என்று எழுதுகிறேன்.

கோட்டைக்கு முதலில் போனோம், கல்முனை நானா சொன்னபடி. மெழுகு அச்சும் எடுத்தோம். பதினெட்டில் ஏழு இலைதான் தேறியது. கொழும்பில் மிருகக்காட்சிச்சாலையை நிரலிலிருந்து எடுத்துவிட்டேன், சிலருக்கு மனவருத்தம்தான். மும்மொழிக் கல்லின் முன் இரண்டு பெண் பிள்ளைகள் முட்டுக்காலில் இருந்து எழுத்தைத் தேடி, "ன" என்று ஒருத்தியும் "ள" என்று ஒருத்தியும் வாதாடியதால் மற்றவர்களும் கூடிவிட்டார்கள். தாராவின் முன் 35 நிமிடம் நின்றோம். சிரிப்பு வந்தது, கல்லடித் தம்பி சொன்ன நேரத்துக்குள் அடங்கவும் செய்தது. நால்வர் கும்பிட்டார்கள், அதில் ஒருவன் கிறிஸ்தவன். ஏன் என்று நான் கேட்கவில்லை.

வகுப்பில் வாய் திறக்காத ஒரு பையன் சிலை முழுவதையும் விட்டுவிட்டு, இடது கையை மட்டும் ஆறு தடவை வரைந்திருந்தான். பெருவிரலும் சுட்டுவிரலும் நெருங்கும் இடத்தில் ஒவ்வொரு தடவையும் அழித்து அழித்துத் தாள் மெலிந்துபோயிருந்தது. "பூவின் தண்டு எவ்வளவு தடிப்பு என்று விரல் இடைவெளியைப் பார்த்தால் தெரியும், டீச்சர். இது அல்லியாக இருக்க முடியாது, தாமரைதான்" என்றான். அவன் வீட்டுக்குப் பின்னால் குளம் இருக்கிறது. பிரதியில் விரல்கள் சரியாக வார்க்கப்பட்டிருக்குமா என்பதுதான் அவனுக்கு இப்போதுள்ள கவலை.


ஆரையம்பதியான், லண்டன்:

தங்கச்சி, அந்தப் பையனின் வரைபுகளில் தெளிவான ஒன்றைப் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள். சனிக்கிழமை எனக்கு விடுமுறை. அதைக் கையில் வைத்துக்கொண்டு 33ஆம் கூடத்தில் போய் நின்று, விரல் விரலாக ஒப்பிட்டுப் பார்த்து அவனுக்கே எழுதுகிறேன்.